சவுலுக்குச் சொன்னதை உங்களுக்குச் சொன்னா எப்படி?

வந்த கடிதம், கொஞ்சம் சுருக்கி:

"ஐயா, எனக்கு 36 வயசு. ஒரு தனிச் சபையில ஒன்பது வருஷமா இருக்கோம். ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்கறதால பொருளாளர் பொறுப்பை என் தலையில கட்டிட்டாங்க. கட்டட நிதிக்கு வந்த பணத்துல சவுண்ட் சிஸ்டத்துக்கும் நிலத்து அட்வான்ஸுக்கும் கொஞ்சம் போயிருக்கு, பில் எதுவும் இல்ல. கமிட்டியில மெதுவாத்தான் கேட்டேன். பாஸ்டர் ஒண்ணும் சொல்லல. அடுத்த ஞாயித்துக்கிழமை பிரசங்கம் 1 சாமுவேல் 15. கீழ்ப்படிதல் உத்தமம், இரண்டகம் (அதாவது கலகம்) பண்றது பில்லிசூனியம், அபிஷேகம் பண்ணப்பட்டவங்களைத் தொடாதேன்னு முக்கா மணி நேரம். பேர் சொல்லல, ஆனா பாதிப் பேர் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. எங்க அப்பா தவறினப்ப இதே பாஸ்டர்தான் மூணு நாள் கூடவே நின்னு எல்லாத்தையும் பாத்தாரு, அதை நினைச்சா குற்ற உணர்ச்சியா இருக்கு. இப்ப நாலு வெத்து செக்குல கையெழுத்து கேக்கறாங்க. வீட்டுக்காரர் 'நமக்கெதுக்கு வம்பு, போட்டுக் குடுத்துரு'ங்கறாரு. ரெண்டு வாரமா தூக்கம் இல்ல. நான் சவுல் பண்ணின பாவத்தைத்தான் பண்றேனா? பி.கு: அடுத்த மாசம் சண்டே ஸ்கூல்ல எனக்கு சவுல் பாடம் வேற வருது. பிள்ளைங்ககிட்ட என்ன சொல்றதுன்னே தெரியல."

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதல்ல அந்த செக் விஷயம், ஏன்னா அது காத்திருக்காது. போடாதீங்க. மீதியெல்லாம் நிதானமா பேசலாம்.

நான் ரொம்ப வருஷம் பழைய ஏற்பாடு நடத்திட்டு அப்புறம் ஆலோசனை சொல்ற வேலைக்கு வந்தவன். இந்த 15-ஆம் அதிகாரத்தைக் கையில வெச்சுக்கிட்டு அழுதுட்டு வந்தவங்க எத்தனையோ பேரைப் பாத்துட்டேன், மருமகளுங்க, உதவி ஊழியக்காரங்க, இப்ப நீங்க. ஒருத்தர்கூட ராஜா இல்ல. அதுதான் எனக்கு முதல் உறுத்தல். "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்"னு தீர்க்கதரிசி சாமுவேல் சொன்னது யார்கிட்ட? படையில இருந்த சிப்பாய்கிட்டயா, கணக்கு எழுதறவன்கிட்டயா? நாட்டுக்கே பெரிய ஆள், இஸ்ரவேலோட முதல் ராஜா சவுல், அவன் முகத்துக்கு நேரா சொன்னது. அடுத்த வசனத்துல பில்லிசூனியம் வருது பாருங்க, அதை அங்கயே நிறுத்திடுவாங்க, மீதியை வாசிக்கவே மாட்டாங்க, மீதி என்னன்னா நீர் கர்த்தருடைய வார்த்தையைப் புறக்கணிச்சதால உம்மை ராஜாவா இருக்க விடாம தள்ளிட்டாருங்கறது. முழு வசனத்தையும் வாசிச்சா அது உங்க மேல உக்காராது மா, நாற்காலியில இருக்கறவர் மேலதான் உக்காரும்.

"நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே"யும் அப்படித்தான். 105-ஆம் சங்கீதம், அதுக்கு முந்தின வரியை எடுத்துப் பாருங்க, ராஜாக்களைக் கடிந்துகொண்டுன்னு இருக்கும். ஊர் ஊரா நாடோடியா அலைஞ்ச ஆபிரகாம் குடும்பத்தைத் தொடாதீங்கன்னு ராஜாக்களைப் பாத்துச் சொன்னது அது. உங்களை மிரட்ட எடுத்த ரெண்டு வசனமும் அதிகாரத்துல இருக்கறவனைப் பாத்துச் சொன்னது, ரெண்டையும் அப்படியே திருப்பிப் போட்டு அதிகாரமே இல்லாதவங்க மேல வீசறாங்க. தெரிஞ்சே பண்றாங்கன்னு சொல்ல மாட்டேன், பல பேர் அப்படியே கேட்டு வளர்ந்தவங்க.

சரி, சவுல் என்னதான் பண்ணினான்? கொஞ்சம் நின்னு பாக்கணும், இந்தக் கதை அவ்வளவு நேர்கோடு கிடையாது.

ஆரம்பத்துல அவன் நல்லவன். அப்பா கீஸோட கழுதைங்க காணாமப் போச்சுன்னு தேடி அலையறப்பதான் ஊர் வாசல்ல சாமுவேல் முன்னாடி போய் நிக்கறான். ராஜான்னு சீட்டுல பேர் விழுந்தப்ப ஆளைக் காணோம், தேடினா மூட்டை முடிச்சு வெச்சிருக்கற இடத்துல ஒளிஞ்சுக்கிட்டு இருக்கான், ஊர்லயே தோள் உயரம் அதிகமா நிக்கற ஆளு ஒளிய இடம் கிடைச்சதே பெரிய விஷயம். ராஜா ஆன பிறகும் வயல்ல மாடு ஓட்டிட்டுதான் இருந்தான். யாபேஸ் ஊர்க்காரங்களோட வலது கண்ணையெல்லாம் பிடுங்கிருவேன்னு அம்மோனியன் நாகாஸ் மிரட்டறான்னு சேதி வந்தப்ப, அந்த மாட்டுக்குப் பின்னாடி இருந்துதான் கிளம்பிப் போய் அவங்களைக் காப்பாத்தினான். ஜெயிச்ச பிறகு, உன்னை ராஜாவா ஏத்துக்காதவங்களைக் கொல்லலாமான்னு கூட்டம் கேட்டுச்சு, இன்னிக்கு ஒருத்தரையும் கொல்லக் கூடாதுன்னுட்டான். அவன் செத்து பெத்சான் மதில்ல உடம்பைத் தொங்க விட்டப்ப, ராத்திரி முழுக்க நடந்து போய் இறக்கிட்டு வந்தது அதே யாபேஸ்காரங்கதான்.

இதை ஏன் இவ்வளவு சொல்றேன்னா, உங்க அப்பா தவறினப்ப பாஸ்டர் மூணு நாள் இருந்தாருன்னு எழுதியிருக்கீங்க. அது உண்மை, அதை மறக்க வேண்டியதில்ல, மறக்கவும் கூடாது. யாபேஸ்காரங்க நன்றி மறக்கல. ஆனா அவங்க நன்றிக்காக சவுல் நோபு ஊர்ல ஆசாரியர்களை வெட்டச் சொன்னதை யாரும் சரின்னு எழுதி வைக்கலையே. நன்றி ஒரு கணக்கு, பில் வேற கணக்கு, ரெண்டையும் ஒரே லெட்ஜர்ல எழுத முடியாதுன்னு ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கற உங்களுக்கு நான் சொல்லணுமா.

அவன் முதல் சறுக்கல் கில்கால்ல, 13-ஆம் அதிகாரம். உண்மையைச் சொல்றேன், அந்த அதிகாரத்துல எனக்கு சவுல் மேல இரக்கம்தான் வருது. எதிர்ல பெலிஸ்தர் மிக்மாஸ்ல கூடாரம் போட்டு நிக்கறாங்க, இஸ்ரவேல்ல ஒரு கொல்லன் கிடையாது, சவுலையும் அவன் மகன் யோனத்தானையும் தவிர ஒருத்தன் கையிலயும் வாள் இல்ல, கலப்பைக் கொழுவைத் தீட்டக்கூட எதிரிகிட்டதான் போய் நிக்கணும். 3000 பேரோட ஆரம்பிச்ச படை கரைஞ்சு கரைஞ்சு 600 ஆயிடுச்சு. ஏழு நாள் காத்திருன்னு சொன்ன சாமுவேல் ஏழாம் நாளும் வந்து சேரல. சவுல் பொறுக்க முடியாம தானே சர்வாங்க தகனபலியைச் செலுத்திடறான், முடிச்ச கையோட சாமுவேல் வந்து நிக்கறாரு. ஒரு மணி நேரம் முந்தி வந்திருக்கக் கூடாதான்னு வகுப்புல ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு பையன் கேப்பான். நானும் கேட்டிருக்கேன். என் கணிப்பு, தப்பு பலி செலுத்தினதுல மட்டும் இல்ல, ஓடிட்டு இருந்த ஜனத்தைப் பிடிச்சு நிறுத்த பலியை ஒரு கயிறா உபயோகிச்சதுலதான். சபை நடத்தறவங்களுக்கு இது புரியும், கூட்டம் குறையறப்ப எதை வேணும்னாலும் மேடையில ஏத்தலாம்னு தோணும்.

அடுத்த அதிகாரம்தான் உங்க பாஸ்டர் தொட்டிருக்க மாட்டாரு. 14. அதுல கீழ்ப்படியாதவங்கதான் சரி.

போர் நடக்கற அன்னிக்கு சவுல் ஒரு ஆணை போடறான், சாயங்காலம் வரைக்கும் யாரும் எதையும் சாப்பிடக் கூடாது, சாப்பிட்டா சாபம். யாரும் கேக்கல, எதுக்குன்னு. காட்டுல தேன் ஒழுகிட்டு இருக்கு, சிப்பாய்ங்க கண்ணு இருட்டிப் போய் அதைப் பாத்துக்கிட்டே நடக்கறாங்க. யோனத்தானுக்கு அப்பா போட்ட ஆணை தெரியாது, கைக்கோல் நுனியைத் தேன்கூட்டுல குத்தி வாயில வெச்சான், கண்ணு தெளிஞ்சுச்சு. அப்புறம் விஷயத்தைச் சொன்னப்ப அவன் பயந்து நடுங்கல, எங்க அப்பா தேசத்தையே கலங்கடிச்சுட்டாரு, ஜனங்க இன்னிக்கு சாப்பிட்டிருந்தா இன்னும் எவ்வளவோ நல்லா நடந்திருக்கும்னான். ராஜாவோட மகன், எல்லார் முன்னாடியும். சாயங்காலம் பசி தாங்காம ஜனங்க ஆடு மாட்டை வெட்டி ரத்தத்தோடயே சாப்பிட்டுட்டாங்க, அதாவது ஒரு தேவையில்லாத கட்டுப்பாடு போட்டு ரத்தத்தைச் சாப்பிடாதேங்கற அதை விடப் பெரிய கட்டளையை மீற வெச்சுட்டான். அப்புறம் சீட்டுப் போட்டு யோனத்தான் பேர் வந்ததும், நீ சாகத்தான் வேணும்கறான் சவுல், பெத்த மகனை. அங்கதான் ஜனங்க எழுந்தாங்க. இவன் தலையில இருந்து ஒரு முடிகூட கீழ விழாதுன்னு ராஜா முகத்துக்கு நேரா சொல்லி அவனை மீட்டுட்டாங்க. அவங்களை யாரும் இரண்டகக்காரங்கன்னு சொல்லல, சாமுவேலும் சொல்லல, எழுதினவரும் சொல்லல.

இது முடிஞ்சு அடுத்த பக்கம்தான் 15.

அமலேக்கு யுத்தம். இதுல ஒரு கஷ்டம் இருக்கு, அதை மறைச்சுட்டுப் பேசறது எனக்குப் பிடிக்காது. அமலேக்கியர்ங்கற ஜனத்தை, பிள்ளைகுட்டி, கைக்குழந்தை, ஆடு மாடு எல்லாத்தையும் அழின்னு சாமுவேல் மூலமா கர்த்தர் சவுலுக்குக் குடுத்த கட்டளை அது. அதைப் படிச்சு மனசு கலங்காதவங்களைப் பாத்தாதான் எனக்குப் பயமா இருக்கும். யூத ரபீக்களே கலங்கியிருக்காங்க, அவங்க விவாதங்களைத் தொகுத்த தல்மூதுல யோமாங்கற பகுதியில சவுல் வாதாடற மாதிரியே ஒரு இடம் வருது, பெரியவங்க தப்பு பண்ணாங்க சரி, சின்னப் பிள்ளைங்க என்ன பண்ணுச்சு, மனுஷன் தப்பு பண்ணான், மாடு என்ன பண்ணுச்சுன்னு. அளவுக்கு மீறி நீதிமானா இருக்காதேன்னு ஒரு குரல் வருதாம் வானத்துல இருந்து. அதே சவுல் பின்னாடி நோபு ஊர் ஆசாரியர்களை வெட்டச் சொன்னப்ப, அளவுக்கு மீறி துஷ்டனா இருக்காதேன்னு அதே குரல் வருதாம். முதல் பதில் எனக்கு இன்னும் முழுசா செரிக்கல. ஆனா அவங்க ரெண்டையும் சேத்து வெச்சது ரொம்பக் கூர்மையான வாசிப்பு, அதுக்கு வரேன்.

பைபிள்ல இருக்கற சவுல் இரக்கத்தால யாரையும் விடல. அற்பமானதையும் உதவாததையும் அழிச்சுட்டாங்க, கொழுத்ததை வெச்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான். ராஜா ஆகாகைப் பிடிச்சுட்டு வந்தது ஊர்வலம் காட்ட. கர்மேல்ல தனக்குன்னு ஒரு ஜெயஸ்தம்பம் நாட்டிட்டு வந்திருக்கான், நம்ம பக்கம் கல்வெட்டுல பேர் போடற ஆசைன்னு வெச்சுக்கங்க. வந்தவன் சாமுவேலைப் பாத்ததும் முந்திக்கிட்டு, கர்த்தருடைய வார்த்தையை நிறைவேத்திட்டேன்கறான். அப்படின்னா என் காதுல விழற இந்த ஆட்டுச் சத்தம் என்ன, எனக்குக் கேக்கற மாட்டுச் சத்தம் என்னன்னாரு சாமுவேல்.

இந்த இடத்துல எபிரெயத்தைக் கொஞ்சம் பாத்தே ஆகணும், பயப்படாதீங்க ஒரே ஒரு வார்த்தைதான். நமக்குக் கீழ்ப்படிதல்னு மொழிபெயர்த்திருக்கற வார்த்தை ஷாமா. நேர் அர்த்தம் கேக்கறது, காதால கேக்கறது. மாட்டுச் சத்தம் எனக்குக் கேக்குதேன்னு சாமுவேல் சொல்றது அதே ஷாமா. கர்த்தர் சொல்லை ஏன் கேக்கலங்கறதும் அதே. நான் ஜனங்களுக்குப் பயந்து அவங்க சொல்லைக் கேட்டேன்னு கடைசியில சவுல் ஒத்துக்கறதும் அதே. முழு அதிகாரமும் இந்த ஒரு வார்த்தை மேல ஓடுது, எவன் குரல் உன் காதுல விழுதுங்கறதுதான் கேள்வி. சொன்ன பேச்சைக் கேளுன்னு நாமளும் அப்படித்தானே சொல்றோம். தமிழ்ல இன்னும் ஒரு வசதி, கேளுன்னா காதால கேளு, சொன்னபடி நட, கேள்வி கேளு, மூணும் ஒரே வார்த்தை. சவுல்ங்கற பேரே, எபிரெயத்துல ஷாஊல், கேட்டு வாங்கினவன்னுதான் அர்த்தம், எங்களுக்கு ஒரு ராஜா வேணும்னு ஜனங்க கேட்டதை நினைச்சுப் பாத்தா பேர் எவ்வளவு குத்துதுன்னு தெரியும். எபிரெயத்துல அது வேற வினை, தமிழ்ல அதுக்கும் கேள்தான். கேள்வி கேக்கறவளும் கேக்கறவதான் மா.

உடனே ஒருத்தர் எந்திரிச்சு, பாத்தீங்களா, ஜனங்க பேச்சைக் கேட்டதுதான் சவுலோட பாவம், அதனால தலைவன் யார் பேச்சையும் கேக்கக் கூடாதும்பாரு. இந்த வாதத்தை நான் கமிட்டி மீட்டிங்லயே கேட்டிருக்கேன். அப்படின்னா யோனத்தானை ஜனங்க காப்பாத்தின அன்னிக்கு அவங்க பேச்சைக் கேட்டது தப்பா? சாலொமோன் ராஜா கிபியோன்ல கர்த்தர்கிட்ட கேட்ட வரம் என்ன? நம்ம தமிழ் பைபிள்ல ஞானமுள்ள இருதயம்னு இருக்கு, மூலத்துல இருக்கறது கேக்கற இருதயம், மறுபடி அதே ஷாமா. அவன் மகன் ரெகொபெயாம் சீகேம்ல நின்னப்ப ஜனங்க வந்து உங்க அப்பா வெச்ச நுகம் பாரமா இருக்கு, கொஞ்சம் குறைங்கன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான், சாலொமோன் 30000 பேரை வேலைக்குப் பிடிச்சு மாசத்துக்கு 10000 பேரா லீபனோனுக்கு மரம் வெட்ட அனுப்பினவரு. பெரியவங்க எல்லாம் இன்னிக்கு நீ இவங்களுக்கு வேலைக்காரனா இருந்தா இவங்க என்னைக்கும் உனக்கு வேலைக்காரங்கன்னாங்க. கூட வளர்ந்த பசங்க என் சுண்டுவிரல் எங்க அப்பா இடுப்பை விடப் பருமன்னு சொல்லுன்னாங்க. ராஜா ஜனங்களுக்குச் செவிகொடுக்கலன்னு எழுதியிருக்கு, ஒரே நாள்ல பத்து கோத்திரம் போச்சு.

ஆக, மேல இருந்து வந்தா கேளு கீழ இருந்து வந்தா கேக்காதேன்னு இந்தப் புஸ்தகங்கள்ல சட்டமே இல்ல. சவுல் ஜனங்க பேச்சைக் கேட்டது பயத்துல, கொள்ளை கையில இருந்ததால. அதுவும் அவன் சொல்ற சாக்கு மட்டுந்தான், நிஜமாவே ஜனங்க கேட்டாங்களான்னே எனக்குச் சந்தேகம், பிடிபட்டதும் முதல்ல அவங்க மேலதான் பழியைத் தூக்கிப் போடறான். பாவம் செஞ்சேன்னு சொன்ன அதே வாயால, ஆனாலும் மூப்பருங்க முன்னாடி என்னைக் கனம்பண்ணுன்னு கேக்கறான் பாருங்க. கெட்ட பேர் வெளிய தெரியக் கூடாது, அவ்வளவுதான் அவன் கவலை. சவுலுக்குப் பின்னாடி ராஜாவான தாவீது பண்ணினது சவுலை விடப் பெரிய அக்கிரமம், இன்னொருத்தன் மனைவி பத்சேபாளை எடுத்துக்கிட்டதும் அவ புருஷன் உரியாவைக் கொன்னதும். ஆனா தீர்க்கதரிசி நாத்தான் வந்து ஏழையோட ஒத்தை ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லி நீயே அந்த மனுஷன்னப்ப, தாவீது ஆனா-ன்னு ஒரு வார்த்தை போடல. பிறகு பத்சேபாள்கிட்ட பிறந்த ஒரு மகனுக்கு நாத்தான்னு பேர் இருக்கு, 1 நாளாகமம் 3-ல. தீர்க்கதரிசி பேரைத்தான் வெச்சானான்னு எழுதல, எனக்கு அப்படி நினைக்கப் பிடிக்கும்.

இப்ப நோபுக்கு வரேன், ஏன்னா உங்க செக் அங்கதான் இருக்கு.

தாவீதுக்கு ரொட்டி குடுத்ததுக்காக அகிமெலேக்கையும் அவர் கூட இருந்த ஆசாரியர்களையும் வெட்டுங்கன்னு சவுல் தன் காவலாளிகளுக்கு உத்தரவு போடறான். ராஜா உத்தரவு, அபிஷேகம் பண்ணப்பட்ட ராஜா. அவங்க கையை நீட்ட மனசில்லாம அப்படியே நின்னாங்க. கத்தல, வாளை உருவல, சும்மா நின்னாங்க. உடனே கீழ்ப்படிஞ்சது ஏதோமியன் தோவேக்கு ஒருத்தன்தான், அன்னிக்கு மட்டும் 85 பேர். அப்புறம் ஊருக்குள்ள போய் ஆண், பெண், பிள்ளை, கைக்குழந்தை, மாடு, கழுதை, ஆடுன்னு எல்லாத்தையும். அந்தப் பட்டியலை அமலேக்குப் பட்டியலோட பக்கத்துல வெச்சுப் பாருங்க, கிட்டத்தட்ட அதேதான். கர்த்தர் சொன்னார்னு அங்க பண்ணாததை, தன் கோபத்துக்காகத் தன் நாட்டு ஆசாரியர்களுக்கே பண்ணினான். ரபீக்கள் ரெண்டையும் சேத்து வெச்சது இதுக்குத்தான். அந்தக் கதை முழுக்க தேடிப் பாருங்க, சொன்ன உடனே மறுபேச்சில்லாம செஞ்சு முடிச்ச ஆள் யாருன்னு. தோவேக்கு. அடுத்த தலைமுறையில தாவீதோட தளபதி யோவாப், உரியாவைச் சாக விடச் சொல்லி உரியா கையிலயே குடுத்தனுப்பின லெட்டரைப் படிச்சுட்டு அப்படியே செஞ்சான்.

வெத்து செக்குல கையெழுத்து போடறது மரியாதை இல்ல. நாளைக்கு ஏதாவது ஆனா பேங்க்காரன் பிரசங்கம் கேக்க மாட்டான், கையெழுத்தைத்தான் பாப்பான், இது என்னை விட உங்களுக்கு நல்லாத் தெரியும். வீட்டுக்காரர்கிட்டயும் இதையே சொல்லுங்க, வம்பு வேணாம்னுதான் போடலன்னு.

என்ன செய்யலாம்னா, கமிட்டிக்கு ஒரு லெட்டர் எழுதுங்க, ஒரு பக்கம் போதும், குற்றச்சாட்டு வேண்டாம், எந்தத் தேதி எவ்வளவு போச்சு, எந்த பில் வரணும்னு மட்டும். தொகையும் யாருக்குங்கறதும் எழுதின செக்குல கையெழுத்து போடத் தயாரா இருக்கேன்னும் எழுதிருங்க. கமிட்டி மினிட்ஸ்ல பதிவு பண்ணச் சொல்லுங்க. ஒரு காப்பி உங்ககிட்ட. வாட்ஸப் குரூப்ல ஒரு வார்த்தையும் வேண்டாம், அங்க ஆரம்பிச்சா அது கணக்கு விஷயமா இருக்காது, ரெண்டு கோஷ்டி விஷயமா ஆயிடும். சபை சொசைட்டியா பதிவாகியிருந்தா தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975 படி வருஷா வருஷம் கணக்கை பதிவாளர்கிட்ட தாக்கல் பண்ணியாகணும், டிரஸ்டா இருந்தா அதுக்கு வேற விதி, எதுன்னு பதிவுப் பத்திரத்தைப் பாத்தா தெரிஞ்சுரும். இது மிரட்டறதுக்கு இல்ல. கேக்கறது உங்க சொந்த ஆசை இல்ல, பொருளாளர் வேலையே அதுதான்னு உங்களுக்கே தைரியம் வரணும்ல.

லெட்டர் எழுதறதுக்கு முன்னாடி பாஸ்டரை ஒரு தடவை நேர்ல பாருங்க, கூட ஒரு மூத்த அம்மாவையோ ஐயாவையோ கூட்டிக்கிட்டுப் போங்க. அவர் கோபப்படலாம், பில் எல்லாம் பீரோவுல இருக்குன்னு சாதாரணமா எடுத்தும் குடுத்துறலாம், அப்படி நடந்ததையும் பாத்திருக்கேன். அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, 1 சாமுவேல் 12. கீழ்ப்படிதல் உத்தமம்னு சொன்ன அதே சாமுவேல், அதுக்கு மூணு அதிகாரம் முன்னாடி, தலை நரைச்ச வயசுல, மொத்த ஜனத்தையும் கூட்டி நிக்க வெச்சு, "நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன்? யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன்?"னு கேக்கறாரு. யார் கையிலயாவது லஞ்சம் வாங்கியிருந்தா சொல்லுங்க, திருப்பிக் குடுத்துடறேங்கறாரு. யாரும் கேக்காமலே. அவர் மகனுங்க ரெண்டு பேரும், யோவேலும் அபியாவும், பெயெர்செபாவுல லஞ்சம் வாங்கினது ஊருக்கே தெரியும், அதனால அவருக்கு அந்த அவசியமும் இருந்துச்சு. சவுலைக் கேள்வி கேக்கற உரிமை அவருக்கு அங்க இருந்து வந்ததுன்னுதான் நான் நினைக்கறேன்.

உங்களுக்கும் ஒரு எச்சரிக்கை இருக்கு, அதையும் சொல்லிடறேன். சவுல் கொல்லத் துரத்திட்டு வந்தப்ப எங்கேதி குகையில தாவீது சவுலோட சால்வைத் தொங்கலை அறுத்தான், உயிருக்கு ஒண்ணும் ஆகல, இருந்தும் அவன் மனசு அடிச்சுக்கிச்சு. சரியான பக்கம் நிக்கறவனுக்கும் கை கொஞ்சம் நீளும். நாபால்ங்கற பணக்காரன் திட்டினதுக்காக இதே தாவீது 400 பேருக்கு வாளை மாட்டிட்டுக் கிளம்பினான், நாபாலோட மனைவி அபிகாயில் மட்டும் ரொட்டியும் திராட்சை ரசமும் எடுத்துட்டு வழியில வந்து நிக்கலன்னா அவனும் இன்னொரு சவுல்தான். அந்த ஞாயித்துக்கிழமை திரும்பிப் பாத்தவங்க மேல உங்களுக்குக் கோபம் இருக்கும். இருக்கட்டும். அந்தக் கோபத்துல லெட்டரை எழுதாதீங்க, வேற ஒரு நாள் எழுதுங்க. சவுலைப் பத்தின சேதி வந்தப்ப சாமுவேல் ராத்திரி முழுக்க கூப்பிட்டுக் கதறிட்டுத்தான் காலையில கிளம்பிப் போனாரு. தூக்கம் வராம இருக்கறதே இரண்டகத்துக்கு அடையாளம்னா அவர்தான் முதல் இரண்டகக்காரர்.

தாவீது சவுல் மேல கை வைக்கல, சரி. ஆனா குகையை விட்டு வெளிய வந்து, எல்லாருக்கும் கேக்கற மாதிரி, என் ஆண்டவனேன்னு கூப்பிட்டு, ஏன் என்னைத் துரத்தறீருன்னு கேட்டான், அறுத்த துணியைக் கையில பிடிச்சுக் காட்டி. ஆதாரத்தோட. கை வைக்காம இருக்கறது வேற, வாய் திறக்காம இருக்கறது வேற. சவுல் அழுதான், நீ என்னை விட நீதிமான்னான். அழுதவன் தன் வீட்டுக்குப் போனான், தாவீது தன் மலைக்குப் போனான். மறுபடி ஒரு தடவை, என் குமாரனே திரும்பி வான்னப்பவும் போகல. ஏற்கெனவே சவுல் எறிஞ்ச ஈட்டிக்குத் தப்பி, அது சுவத்துல குத்தினதைப் பாத்தவன். மன்னிச்சான், ஆனா ஈட்டி எட்டற தூரத்துல போய் உக்காரல. கமிட்டியை விட்டு விலகணுமாங்கற நிலைமை வந்தா இதை யோசிங்க, விலகறது ஓடறது இல்ல. ஆனா இப்பவே வேண்டாம், முதல்ல கேட்டுப் பாருங்க.

சண்டே ஸ்கூல் பாடம். சவுல் முடிவு என்னை எப்பவும் ஒரு மாதிரி பண்ணும், பெரிய வகுப்புக்குச் சொல்லலாம். கடைசி ராத்திரி கர்த்தர்கிட்ட கேக்கறான், பதில் இல்ல, கேட்டு வாங்கினவன்னு பேர் வெச்சவனுக்கு. தானே தேசத்தை விட்டுத் துரத்தின குறிகாரிங்கள்ல ஒருத்தியைத் தேடி வேஷம் மாத்திக்கிட்டு எந்தோருக்குப் போறான். செத்துப்போன சாமுவேல் சொன்னதைக் கேட்டதும் நெடுஞ்சாண்கிடையா விழுந்துட்டான், நாள் முழுக்க சாப்பிடல. அந்தப் பொம்பளை சொல்றா, உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நான் உங்க சொல்லைக் கேட்டேன், இப்ப நீங்க என் சொல்லைக் கேளுங்க, ஒரு வாய் சாப்பிடுங்க. மாட்டேன்னான். வேலைக்காரங்களும் சேர்ந்து வற்புறுத்தினாங்க. அப்ப கேட்டான், அதே ஷாமா. அவ கொழுத்த கன்னுக்குட்டியை அடிச்சு, மாவு பிசைஞ்சு, புளிப்பில்லாத அப்பம் சுட்டுக் குடுத்தா. சாப்பிட்டுட்டு அந்த ராத்திரியே கிளம்பிப் போனாங்க, அவன் சாகப்போற கில்போவாவுக்கு.

சின்னப் பிள்ளைங்களுக்கு இது வேண்டாம், ராத்திரி பயப்படும். அவங்களுக்கு 14-ஆம் அதிகாரம் சொல்லுங்க, யோனத்தான் கதை. ஒரு சின்ன பாட்டில் தேனும் ஆளுக்கு ஒரு குச்சியும் எடுத்துட்டுப் போங்க. ஐஸ்கிரீம் குச்சி போதும்.